பிரிட்டிஷ் செய்திகள் யாரைத் ‘தொழிலாளர் வர்க்கம்’ என்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் தேர்தல் வந்தாலும், வேலைநிறுத்தம் வந்தாலும், பள்ளித் தேர்வு முடிவு வந்தாலும் ‘தொழிலாளர் வர்க்கம்’ என்ற சொல் தலைப்பில் ஏறிவிடும். ஒவ்வொரு தடவையும் அது ஒரே கூட்டத்தைக் குறிப்பதில்லை. அந்தச் செய்திகளைத் தமிழில் படிப்பவர்களுக்கும், அந்த நாட்டிலேயே வாழும் தமிழர்களுக்கும் எழக்கூடிய கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகளில் என் கருத்தும் கலந்திருக்கிறது.

கருத்துக்கணிப்புச் செய்தியில் ‘தொழிலாளர் வர்க்க வாக்காளர்கள்’ என்று வந்தால் அது யார்?

பெரும்பாலும் சி2, டி, இ என்ற மூன்று தரங்களுக்குள் வருபவர்கள். பிரிட்டிஷ் கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் மக்களை ஏ, பி, சி1, சி2, டி, இ என்று ஆறு தரமாகப் பிரிக்கின்றன. பெரிய நிறுவனத் தலைவர், நீதிபதி போன்றவர்கள் ஏ. இடைநிலை நிர்வாகிகள் பி. எழுத்தர், மேற்பார்வையாளர், இளநிலை அலுவலர் சி1. கைத்தேர்ச்சி பெற்ற தொழிலாளி சி2. அவ்வளவு பயிற்சி தேவைப்படாத உடலுழைப்பு வேலைகள் டி. அரசு ஓய்வூதியம் மட்டுமே வருமானமாக உள்ளவர், அவ்வப்போது கூலி வேலைக்குப் போகிறவர், உதவித்தொகையில் வாழும் வேலையற்றவர் ஆகியோர் இ.

முதல் மூன்றையும் கூட்டினால் ‘நடுத்தர வர்க்கம்’, பின் மூன்றையும் கூட்டினால் ‘தொழிலாளர் வர்க்கம்’. 2016 கணக்கின்படி முதல் கூட்டம் 55 சதவீதம், இரண்டாவது 45 சதவீதம். அறுபதுகளில் இது தலைகீழாக இருந்தது. உடலுழைப்பு வேலைகள் குறைந்து மேசை வேலைகள் கூடியதுதான் காரணம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: தரம் வீட்டுக்குத்தான், ஆளுக்கு அல்ல. வீட்டில் அதிகம் சம்பாதிப்பவர் யாரோ, அவருடைய வேலையே எல்லோருக்கும் தரத்தைத் தீர்மானிக்கும். வங்கி மேலாளரின் மனைவி துப்புரவு வேலைக்குப் போனாலும் கணக்கில் அவர் நடுத்தர வர்க்கம்தான்.

இந்தப் பிரிவினையை யார் கண்டுபிடித்தார்கள்? சமூகவியல் அறிஞர்களா?

இல்லை, விளம்பர வியாபாரம். 1956-இல் தொடங்கிய தேசிய வாசகர் ஆய்வு என்ற கணக்கெடுப்பிலிருந்து வந்தது இது. எந்தப் பத்திரிகையை எப்படிப்பட்ட வீட்டில் படிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் சோப்பு விளம்பரத்துக்கும் கார் விளம்பரத்துக்கும் விலை பேச முடியும். அதற்காக எழுந்த தரவரிசை, பிறகு அரசியல் கணிப்புக்கும் போனது, அங்கிருந்து தலையங்கங்களுக்கும் போனது. வாசகர் ஆய்வு அந்தப் பெயரில் இன்று நடக்கவில்லை. எழுத்துகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

ஆகவே, தன் விளம்பரப் பக்கத்தை விற்பதற்குப் பயன்பட்ட அளவுகோலை வைத்துத்தான் ஒரு பத்திரிகை நாட்டின் வர்க்க அரசியலை விளக்குகிறது. என் குறை இதுதான்: அந்த அளவுகோல் ‘இவர் எதை வாங்குவார்’ என்று ஊகிக்க உதவலாம். ‘வேலையிடத்தில் இவருக்கு என்ன நடக்கிறது’ என்பது அதன் கேள்வியே அல்ல.

அப்படியானால் கால்சென்டரில் குறைந்தபட்சக் கூலிக்கு வேலை செய்பவர் நடுத்தர வர்க்கமா?

கணக்குப்படி ஆம். அது மேசை வேலை, ஆகவே வழக்கமாக சி1. அவரைவிட இரு மடங்கு சம்பாதிக்கும் பிளம்பர் சி2, அதாவது தொழிலாளர் வர்க்கம். வீட்டை விட்டு வெளியே தங்கிப் படிக்கும் முழுநேர மாணவருக்கும் வழக்கமாக சி1 போட்டுவிடுவார்கள். அவர் இரவில் கிடங்கில் பெட்டி தூக்குகிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

கையில் கிரீஸ் படிகிறதா, கீபோர்டு இருக்கிறதா என்பதுதான் 1956-இல் பெரிய கோடு. அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. எழுத்தருக்கு மாதச் சம்பளம், ஓய்வூதியம், நிரந்தரம் என்று பலதும் உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு வாரக் கூலி. இன்று கால்சென்டரில் கழிப்பறைக்குப் போகும் நிமிடத்தைக்கூட மென்பொருள் எண்ணுகிறது. கோடு மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

ஓய்வு பெற்றவர்கள் எதில் சேர்வார்கள்?

நிறுவன ஓய்வூதியம் வாங்குகிறவருக்குப் பழைய வேலையின் தரம். அரசு ஓய்வூதியம் மட்டும் என்றால் இ. சொத்து எங்கும் கேட்கப்படுவதில்லை. கடனில்லாத சொந்த வீட்டில் இருக்கும் எழுபது வயதுக்காரரும், வாடகை கட்ட முடியாமல் திணறும் இருபத்தைந்து வயது வேலையற்றவரும் ஒரே பெட்டிக்குள் வந்து விழலாம். ‘தொழிலாளர் வர்க்கம் வலதுபக்கம் சாய்கிறது’ என்று படிக்கும்போது அதில் எவ்வளவு வர்க்கம், எவ்வளவு வயது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அரசிடம் வேறு கணக்கு இல்லையா?

இருக்கிறது, அது இதைவிட யோசித்துச் செய்தது. 2001 முதல் அரசுப் புள்ளியியலில் பயன்படும் பகுப்பு, சமூகவியலர் ஜான் கோல்ட்தோர்ப்பின் சிந்தனையை அடியொற்றியது. தேர்ச்சியையோ கௌரவத்தையோ பாராமல், வேலை உறவைப் பார்க்கிறது: ஒப்பந்தம் எப்படிப்பட்டது, பதவி உயர்வுக்கு வழி உண்டா, தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியுமா. எட்டு வகுப்புகள். சிறு முதலாளிகளுக்கும் சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கும் அதில் தனி வகுப்பே உண்டு. ஆனால் இதை ஒரு வரித் தலைப்பில் அடக்க முடியாது என்பதால் செய்தி மேசைகள் ஏ, பி, சி என்ற எழுத்துத் தரத்தையே எடுக்கின்றன.

பிபிசி ஏழு வர்க்கம் என்று சொன்னதே?

2013-இல். சமூகவியலர்கள் மைக் சாவேஜ், ஃபியோனா டிவைன் ஆகியோரோடு சேர்ந்து இணையவழி ஆய்வு நடத்தியது, ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் தந்தார்கள். வருமானம், சொத்து மட்டுமல்லாமல் யாரோடு பழகுகிறீர்கள், என்ன இசை கேட்கிறீர்கள் என்பதும் கேள்வி. மேலே 6 சதவீத மேட்டுக்குடி, அடியில் 15 சதவீத நிலையற்ற தொழிலாளர் என்று முடிவு வந்தது. இணையத்தில் தானாக வந்து பதில் சொன்னவர்களில் வசதியானவர்கள் மிகுந்துவிட்டதால், தனியாக மாதிரி ஆய்வொன்றும் நடத்த வேண்டியிருந்தது. ‘நீங்கள் எந்த வர்க்கம்?’ என்று ஓய்வு நேரத்தில் சோதித்துப் பார்க்கும் ஆசையே ஒரு வர்க்க அடையாளம் போலிருக்கிறது.

பிரெக்சிட்டைக் கொண்டுவந்தது தொழிலாளர் வர்க்கம்தானே?

இந்தக் கேள்விக்கு இரண்டு எண்கள் உண்டு. இரண்டும் பொய் அல்ல.

2016 ஜூன் 23-இல் நடந்த வாக்கெடுப்பில் 52 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறச் சொன்னது. அன்று ஆஷ்கிராஃப்ட் பிரபு நடத்திய பெரிய கணிப்பின்படி சி2, டி, இ பிரிவினரில் 64 சதவீதம் வெளியேறும் பக்கம். ஏ, பி பிரிவினரில் 57 சதவீதம் இருக்கும் பக்கம். சி1 ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. இதிலிருந்துதான் ‘தொழிலாளர் வர்க்கப் புரட்சி’ என்ற கதை கிளம்பியது. செய்தியாளர்கள் கேமராவோடு வடக்கே போனார்கள். மூடிய ஆலை வாசல், சந்தைத் தெருவில் ஒரு பெரியவர், மதுக்கடையில் ஒரு பேட்டி.

அதே கணிப்பை ஆக்ஸ்ஃபோர்டு புவியியலர் டேனி டார்லிங் மறுபக்கமிருந்து கணக்கிட்டார். வெளியேற வாக்களித்தவர்களை மொத்தமாக எடுத்தால் அவர்களில் 59 சதவீதம் ஏ, பி, சி1, அதாவது நடுத்தர வர்க்கம். டி, இ பிரிவினர் 24 சதவீதம் மட்டுமே. வெளியேறும் வாக்குகளில் பெரும்பகுதி இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து வந்தது என்றும் சுட்டினார்.

எப்படி இரண்டும் ஒத்துப்போகும்? முதல் கேள்வி: தொழிலாளர்களில் எத்தனை பேர் வெளியேறச் சொன்னார்கள்? இரண்டாவது: வெளியேறச் சொன்னவர்களில் எத்தனை பேர் தொழிலாளர்கள்? நடுத்தரப் பிரிவினர் எண்ணிக்கையில் கூடுதல், வாக்குச்சாவடிக்கும் கூடுதலாக வருகிறார்கள். ஆகவே அவர்களில் பாதிக்குக் குறைவானவர்கள் ஒரு பக்கம் போனாலும் அந்தப் பக்கத்தில் பெரும்பான்மை அவர்களாகவே இருக்க முடியும். தெற்கு இங்கிலாந்தின் தோட்டம் வைத்த வீடுகளில் ஓய்வில் இருந்தவர்களைத் தேடி எந்த கேமராவும் அவ்வளவு ஆவலாகப் போகவில்லை.

‘எசெக்ஸ் மனிதன்’, ‘வொர்க்கிங்டன் மனிதன்’ என்பவர்கள் யார்?

கட்சி ஆலோசகர்களும் பத்தி எழுத்தாளர்களும் உண்டாக்கிய ஆட்கள். 1990 வாக்கில் பிறந்தவன் எசெக்ஸ் மனிதன்: தாட்சருக்கு வாக்களித்த, லண்டனுக்குக் கிழக்கே குடியேறிய தொழிலாளியின் மகன். அடுத்து ‘மான்டியோ மனிதன்’. 1996-இல் டோனி பிளேர் தன் கட்சி மாநாட்டில் ஒரு கதை சொன்னார்: காரைத் துடைத்துக்கொண்டிருந்த ஓர் எலக்ட்ரீஷியன், அப்பா லேபர் கட்சிக்காரர், இவர் சொந்த வீடு வாங்கித் தொழில் தொடங்கியதும் கன்சர்வேட்டிவ் பக்கம் போய்விட்டார். பிளேர் சொன்ன கார் ஃபோர்டு சியரா. பத்திரிகைகள் அதை மான்டியோ ஆக்கிவிட்டன, புது மாடலாக இருக்கட்டும் என்று.

2019-இல் ஒரு சிந்தனைக் குழு வொர்க்கிங்டன் மனிதனைக் கொண்டுவந்தது: நாற்பத்தைந்தைத் தாண்டிய, பட்டம் பெறாத, ரக்பி லீக் பார்க்கும் வெள்ளை ஆண். வடமேற்கு இங்கிலாந்தின் வொர்க்கிங்டன் தொகுதி 1918 முதல் ஒரே ஓர் இடைத்தேர்தலைத் தவிர எப்போதும் லேபர் வென்ற இடம். 2019-இல் கன்சர்வேட்டிவ் வென்றது, தத்துவம் மெய்யானதாக எழுதினார்கள். 2024-இல் லேபர் திரும்பி வென்றது, வொர்க்கிங்டன் மனிதன் எங்கே போனான் என்று அவ்வளவாக யாரும் தேடவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் எல்லாச் சோறும் ஒரே பானையில் வெந்திருக்க வேண்டும். அந்த ஊரிலும் பெண்கள் இருக்கிறார்கள், முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறார்கள்.

ஒரு படமே வர்க்க முத்திரை ஆனதும் உண்டு. 2014 நவம்பரில் ரோச்செஸ்டர் இடைத்தேர்தல் நாளன்று, லேபர் கட்சியின் எமிலி தோர்ன்பெரி ஒரு வீட்டின் படத்தை ட்விட்டரில் போட்டார். இங்கிலாந்துக் கொடிகள், வாசலில் வெள்ளை வேன். கிண்டலாக ஒரு சொல்லும் இல்லை. தொழிலாளர் வர்க்கத்தை ஏளனம் செய்துவிட்டார் என்று கிளம்பிய கூச்சலில் அன்றே நிழல் அமைச்சரவைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

‘வெள்ளைத் தொழிலாளர் வர்க்க மாணவர்கள் பின்தங்குகிறார்கள்’ என்ற செய்தி?

இங்கே அளவுகோல் மறுபடி மாறுகிறது. 2021-இல் நாடாளுமன்றக் கல்விக் குழு இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் ‘தொழிலாளர் வர்க்கம்’ என்பதற்கு எடுத்துக்கொண்ட அடையாளம், இலவசப் பள்ளி மதிய உணவுக்குத் தகுதி. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் அந்தத் தகுதி சுமார் ஐந்தில் ஒரு மாணவருக்குத்தான். 2018-இல் வைத்த வரம்பின்படி, யுனிவர்சல் கிரெடிட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவி பெறும் குடும்பத்தின் உழைப்பு வருமானம் வரி போக ஆண்டுக்கு 7,400 பவுண்டைத் தாண்டினால் அப்போது புதிதாகத் தகுதி கிடைக்கவில்லை. முழுநேரம் குறைந்தபட்சக் கூலிக்கு வேலை செய்த ஒரு தாய் அந்த வரம்பைத் தாண்டிவிட்டார்.

அதாவது, அந்தத் தலைப்பில் ‘தொழிலாளர் வர்க்கம்’ ஆவதற்கு அதிகம் வேலை செய்யாமல் இருக்க வேண்டும். ஏழ்மை என்று எழுதியிருந்தால் குழப்பமே இல்லை. ‘வெள்ளை’ என்ற சொல் முன்னால் ஒட்டிக்கொண்டதும், தொழிலாளர் வர்க்கம் என்றாலே வெள்ளையர், மற்றவர்கள் ‘இனச் சிறுபான்மையினர்’ என்ற பிரிவும் தானாக வந்துவிடுகிறது. ஒருவர் இரண்டுமாக இருக்கலாம் என்பது செய்தியில் காணாமல் போகிறது.

வெள்ளையர் அல்லாதவர்கள் பிரிட்டனின் தொழிலாளர் வர்க்கத்தில் எப்போது சேர்ந்தார்கள்?

வந்த நாளிலிருந்தே. 1976 ஆகஸ்டில் வடமேற்கு லண்டனில் கிரன்விக் என்ற புகைப்படம் கழுவும் ஆலையிலிருந்து ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண்மணி வெளியேறி வேலைநிறுத்தம் தொடங்கினார். உடன் நின்றவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்திய வம்சாவளிப் பெண்கள். கேட்டது தொழிற்சங்க அங்கீகாரம். கிரிக்கிள்வுட் தபால் ஊழியர்கள் அந்த ஆலையின் கடிதங்களைத் தொட மறுத்தார்கள். யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளிகள் பேருந்து பிடித்து வந்து வாசலில் நின்றார்கள். பத்திரிகைகளோ சேலையைப் பற்றி எழுதின. 1978 ஜூலையில் போராட்டம் தோல்வியில் முடிந்தது.

இந்த முடிச்சை விடாமல் பேசியவர்களில் ஒருவர் நம்மவர். 1958 கலவரத்துக்குப் பின் கொழும்பிலிருந்து லண்டன் போன அம்பலவாணர் சிவானந்தன், அங்கே இன உறவு ஆய்வு நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்து பிறகு அதன் இயக்குநரானார். அந்த நிறுவனத்தின் இதழுக்கு ‘இனம்’ என்றிருந்த பெயர் 1974-இல் ‘இனமும் வர்க்கமும்’ ஆனது. 2018-இல் மறையும்வரை ஒன்றை விட்டு மற்றதைப் பேச அவர் சம்மதிக்கவில்லை.

லண்டனில் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்த தமிழர் இதில் எங்கே?

எண்பதுகளிலிருந்து அகதிகளாக வந்த ஈழத்தமிழர் பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். ஊரில் ஆசிரியராகவோ கணக்காளராகவோ இருந்தவர் கல்லாவில் நின்றார். எந்தத் தரவரிசையில் போட்டாலும் அவர் அன்று தொழிலாளர் வர்க்கம். ஆனால் செய்தித் தலைப்பில் அவர் ‘புலம்பெயர்ந்தவர்’, கொஞ்சம் போனால் ‘கடும் உழைப்பாளி ஆசியர்’. பிறகு மூலைக்கடை ஒன்றை வாங்கிவிட்டால் அரசுக் கணக்கில் சிறு முதலாளி வகுப்புக்குப் போய்விடுவார். விடியலில் ஷட்டரைத் தூக்கி இரவு பதினொரு மணிக்கு இறக்குவது அவர்தான் என்றாலும்.

மக்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள்?

2016-இல் வெளியான பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில் 60 சதவீதம் பேர் தங்களைத் தொழிலாளர் வர்க்கம் என்றார்கள். நிர்வாக, தொழில்முறைப் பதவிகளில் இருந்தவர்களில்கூட 47 சதவீதம். தாத்தா சுரங்கத்தில் இருந்தார் என்பது பல வீடுகளில் இன்னும் அடையாளமாக இருக்கிறது. இதைப் பாசாங்கு என்று தள்ளுவோரும் உண்டு, சிலரிடம் அது பாசாங்குதான்.

கேள்வியின் வடிவமும் பதிலை மாற்றும். அமெரிக்காவில் 1940-இல் ஒரு கணிப்பு மேல், நடு, கீழ் என்று மூன்றை மட்டும் நீட்டியபோது சுமார் 80 சதவீதம் பேர் நடு என்றார்கள். சில ஆண்டுகள் கழித்து உளவியலர் ரிச்சர்ட் சென்டர்ஸ் ‘தொழிலாளர் வர்க்கம்’ என்ற நான்காவது விருப்பத்தையும் சேர்த்தார். பாதிப் பேர் அங்கே போனார்கள்.

வேலைநிறுத்தச் செய்திகளில் வர்க்கம் எப்படி வருகிறது?

பெரும்பாலும் வருவதே இல்லை, பயணிகளின் அவதி வருகிறது. எழுபதுகளில் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஊடகக் குழு தொலைக்காட்சிச் செய்திகளை வரிவரியாக ஆராய்ந்து காட்டியது: தொழிலாளர்கள் எப்போதும் ‘கோருகிறார்கள்’, நிர்வாகம் எப்போதும் ‘தர முன்வருகிறது’. அப்போது ஒவ்வொரு பெரிய பத்திரிகையிலும் தொழிற்சங்கச் செய்திகளுக்கென்றே நிருபர்கள் இருந்தார்கள். 1984–85 சுரங்க வேலைநிறுத்தம் தோற்ற பிறகு அந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின, வணிகப் பக்கம் தடித்தது.

2022 டிசம்பர் 15-இல் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் என்ற நர்ஸ்கள் சங்கம் தன் 106 ஆண்டு வரலாற்றில் இல்லாத அளவில் பெரிய வேலைநிறுத்தம் நடத்தியது. இங்கிலாந்தில் இன்று நர்ஸ் ஆகப் பட்டம் வேண்டும். எழுத்துத் தரத்தில் அவர்கள் நடுத்தர வர்க்கம். இன்றைய பிரிட்டிஷ் தொழிற்சங்க உறுப்பினரைச் சராசரியாக எடுத்தால் அவர் ஹெல்மெட் போட்ட ஆண் அல்ல, அரசுத் துறையில் வேலை செய்யும் படித்த பெண். செய்திப் படங்கள் இன்னும் ஹெல்மெட்டைத் தேடுகின்றன.

எழுதுகிற செய்தியாளர்கள் எந்த வர்க்கம்?

பிரிட்டனில் தனியார் பள்ளியில் படிப்பவர்கள் சுமார் 7 சதவீதம். பத்திரிகைப் பத்தி எழுத்தாளர்களில் தனியார் பள்ளியில் படித்தவர்கள் 40 சதவீதத்துக்கும் மேல் என்று சட்டன் அறக்கட்டளையின் 2019 அறிக்கை கண்டது. சம்பளமில்லாப் பயிற்சியில் லண்டனில் ஆறு மாதம் தாக்குப்பிடிக்க வீட்டில் பணம் வேண்டும்.

சரி, உங்கள் கணக்கில் தொழிலாளர் வர்க்கம் என்றால் யார்?

உழைப்பை விற்றால்தான் மாதம் ஓடும் என்பவர், அந்த உழைப்பின் நேரத்தையும் வேகத்தையும் விலையையும் வேறொருவர் தீர்மானிக்கிறார் என்றால், அவர். படிப்பு, உச்சரிப்பு, சாப்பாடு, கொடி எதுவும் இதில் சேராது.

இது வெறும் தத்துவம் அல்ல, நீதிமன்றத்தில் நின்ற அளவுகோல். ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் என்று நிறுவனம் வாதாடியது. 2021 பிப்ரவரி 19-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்த பெயரை ஓரமாக வைத்துவிட்டு, நடப்பதைப் பார்த்தது. கட்டணத்தை யார் வைக்கிறார்? நிபந்தனைகளை யார் எழுதுகிறார்? சவாரியை மறுத்தால் என்ன ஆகும்? மதிப்பெண் போட்டுக் கட்டுப்படுத்துவது யார்? பயணியோடு நேரடித் தொடர்பைத் தடுப்பது யார்? எல்லாவற்றுக்கும் விடை நிறுவனம் என்று வந்ததால், அவர்கள் குறைந்தபட்சக் கூலிக்கும் விடுப்பூதியத்துக்கும் உரிய பணியாளர்கள் என்று தீர்ப்பானது.

சிக்கலான இடங்கள் இதிலும் உண்டு. நல்ல சம்பளம் வாங்கும் மென்பொருள் ஊழியரும் உழைப்பை விற்பவர்தான், ஆனால் பிடிக்காவிட்டால் கிளம்பிவிட முடிகிறது. கடன் வாங்கி வேன் வாங்கிய பார்சல் ஓட்டுநர் காகிதத்தில் முதலாளி, நடப்பில் இல்லை. ஓரங்கள் மங்கலாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பணத்தையும் அதிகாரத்தையும் விட்டுவிட்டுப் பண்பாட்டை மட்டும் அளக்கும்போதுதான் கோபம் வருகிறது.

செய்தியில் இந்தச் சொல் வந்தால் எதைச் சரிபார்ப்பது?

எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்பதை முதலில். எழுத்துத் தரமா, பட்டப்படிப்பா, மதிய உணவா, அவர்களே சொல்லிக்கொண்டதா? செய்தியில் இல்லாவிட்டால் மூலத்துக்குப் போங்கள். பிரிட்டிஷ் கருத்துக்கணிப்பு மன்றத்தின் உறுப்பு நிறுவனங்கள், கணிப்பு வெளியான இரண்டு வேலை நாட்களுக்குள் முழு அட்டவணைகளையும் தங்கள் தளத்தில் போட வேண்டும் என்பது விதி. சமூகத் தரம் என்ற நிரலுக்குப் பக்கத்திலேயே வயது நிரல் இருக்கும், சிலவற்றில் சொந்த வீடா வாடகையா என்பதும் இருக்கும். பல நேரங்களில் சி2, டி, இ நிரலைவிட வயது நிரலில்தான் இடைவெளி பெரிதாக இருக்கும்.